என்ன வார்த்தை போட்டுத் தேடினீங்க?

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதுல ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. வீட்டம்மாவும் பாப்பாவும் தூங்கட்டும், எழுப்பாதீங்க. நேத்து அந்த மழையில இத்தனை வளைவு ஏறி வந்திருக்கீங்க, பாப்பா வேற ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா. நல்லா தூங்கி எழுந்தாத்தான் தெளியும். காப்பியை மொதல்ல குடிங்க, நான் அடுப்புல ஆப்பச்சட்டியை வச்சுட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்தே கேட்டிருப்பேன், வாசல்ல நனைஞ்சுகிட்டு நிக்கறவங்ககிட்ட கேக்கற கேள்வியா அதுன்னு விட்டுட்டேன். எங்க வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? போன்ல என்ன வார்த்தை போட்டுத் தேடினீங்க? 'ஏற்காடு ஹோம்ஸ்டே'ன்னா? 'ஏற்காட்டில் குடும்பத்தோட தங்க'ன்னா? இல்ல, பேரைப் போட்டே, 'மிளகுக்கொடி'ன்னே…

இருங்க, இருங்க. இப்ப சொல்லாதீங்க. நான் சொல்லி முடிச்சுடறேன், அப்புறமா நீங்க சொல்லுங்க. சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான் சொல்றேன். உங்க வாயிலேருந்து வர்ற ஒரு பதில்லதான் இந்த வீடு நிக்குது.

எங்க வீட்டுக்காரர் பாலுக்குப் போயிருக்கார். ஞானமுத்துன்னு பேரு, நேத்து உங்க பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரே, அவர்தான். வந்ததும் அவரும் இதையேதான் கேப்பார். நீங்க படுக்கப் போனதும் எங்கிட்டச் சொன்னார், "புஷ்பம், வந்தவர் எப்படி வந்தார்னு கேட்டுச் சொல்லு. நெட்ல உன் பேரைப் பார்த்து வந்திருந்தா இன்னொரு வருஷம் பாப்போம். இல்லேன்னா பேசின பேச்சுதான்"னார்.

பேசின பேச்சு என்னன்னா, இந்த மே மாசமும் ரூம் நிறையலேன்னா ஜூன் பொறந்ததும் வீட்டுச் சாவி எங்க நாத்தனார் கைக்குப் போயிடும். இவரோட அக்கா. ரெஜினான்னு பேரு. மேல் வளைவுல 'மேகவாசல்'னு ஒண்ணு நடத்தறாங்க. அதோட இதையும் சேத்து அவங்களே நடத்துவாங்களாம். நான் சமையலை மட்டும் பாத்துக்கணுமாம். நான் கல்யாணமாகி வந்த வீட்டுல, நான் பெயின்ட் அடிச்ச ரூம்ல, நான் சமையக்காரி. எப்படி இருக்கு? மே மாசக் கடைசி தம்பி. மலர்க்காட்சி நடக்குது, ஏரிக்கரையில கார் நிறுத்த இடமில்ல, ஊரே வழியுது. எங்க வாசல்ல எத்தனை செருப்பு கெடக்குன்னு பாருங்க. உங்க மூணு பேரோடதுதான்.

சட்னி காரமா இருக்கா? தேங்காய்ப்பால் ஊத்திக்குங்க.

எங்க மாமனார் நிலத்தை ரெண்டாப் பிரிச்சு, மேல் பாதியை மகளுக்கும் கீழ் பாதியை மகனுக்கும் குடுத்தார். மேல் பாதிக்கு மேகம், கீழ் பாதிக்குக் கொசு. போகட்டும், அவர் செத்துட்டார், அவரைச் சொல்லிப் பிரயோஜனமில்ல. மேகவாசல் வந்து ஏழெட்டு வருஷமாச்சு. அதைப் பார்த்துத்தான் நாங்களும் இந்த நாலு ரூமைத் தயார் பண்ணினோம். கூகுள்ல 'ஏற்காடு ஹோம்ஸ்டே'ன்னு போட்டா மொதப் பக்கத்துலயே அவங்க வருவாங்க. நாங்க ரெண்டாம் பக்கம், அதுவும் அடியில. ரெண்டாம் பக்கம் யாரு தம்பி போறாங்க? நீங்க போவீங்களா? பந்தியில கடைசியா உட்கார்ந்தவனுக்குப் பாயாசம் வராது, ரசத்தோட எழுந்திருக்கணும். எங்க நிலைமை அதுதான்.

அதுக்காக அப்பல்லாம் ரூம் காலியாக் கெடந்துச்சுன்னு சொன்னா நாக்கு அழுகிடும். நிறையும். ஆனா எப்படி நிறையும்? மேல இடமில்லாம திரும்பினவங்க இங்க வருவாங்க. வந்ததும் வராததுமா, "மேகவாசல்ல ரூம் இல்லேன்னாங்க, அதான்…"னு இழுப்பாங்க. அந்த 'அதான்' இருக்கே, அது எனக்கு முள்ளு. நாத்தனார் சாப்பிட்டு எழுந்த எலையில எனக்குச் சோறு போட்ட மாதிரி இருக்கும். நல்லாத்தான் கவனிச்சுப்பேன், ஒரு குறை வைக்க மாட்டேன், போகும்போது சந்தோஷமாத்தான் போவாங்க. ஆனா ராத்திரி பாத்திரம் கழுவும்போது நெஞ்சு எரியும். என்னைத் தேடி, என் பேரைத் தேடி ஒரு குடும்பம் மலையேறி வரணும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. இது பேராசையா, நீங்களே சொல்லுங்க.

அந்த நேரத்துலதான் பெங்களூர்லேருந்து ஒரு அம்மா வந்தாங்க. வசுமதின்னு பேரு. கழுத்துல பைனாகுலரை மாட்டிக்கிட்டு விடிஞ்சா போதும், பின்னாடி மிளகுத் தோட்டத்துல போய் நின்னுக்குவாங்க. நான் பொலம்பினதைக் கேட்டுட்டு அவங்கதான் சொன்னாங்க, "உங்க வெப்சைட் அழகா இருந்தா மட்டும் போதாதும்மா, அடுத்தவங்க உங்களைக் காட்டிப் பேசணும். ஒருத்தர் தன்னோட பக்கத்துல, 'இங்க போய்ப் பாருங்க'ன்னு உங்க பக்கத்துக்கு ஒரு வழி வச்சா அதுதான் லிங்க். அது உங்களுக்கு விழற ஓட்டு மாதிரி. விஷயம் தெரிஞ்சவங்க போட்ட ஓட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி. ஆனா அது தன்னால வரணும், மெதுவாத்தான் வரும்"னாங்க. ஊருக்குப் போய் அவங்களே மொத ஓட்டையும் போட்டாங்க. பறவைங்களைப் பத்தி எழுதற அவங்க பக்கத்துல எங்க வீட்டைப் பத்தி எழுதி லிங்க் குடுத்திருந்தாங்க.

என்ன எழுதியிருந்தாங்கன்னு கேளுங்க. 'குளியலறைக்குப் பின்னால் ஒரு குழாய் ஒழுகுகிறது. அந்தத் தண்ணீருக்கு விடியற்காலையில் இத்தனை வகைக் குருவி வருகிறது. தயவுசெய்து அதைச் சரி செய்துவிடாதீர்கள்'னு. எனக்கு மானமே போச்சு தம்பி. ஊருக்கெல்லாம் எங்க குழாய் ஒழுகறது தெரியணுமா? அதுவும் லிங்க் எந்த வார்த்தை மேல வச்சிருந்தாங்க தெரியுமா, 'ஒழுகுகிற குழாய்' மேல! அதைத் தொட்டா எங்க வீடு வருது. நான் விடுவேனா? உடனே எழுதினேன். அம்மா, குழாயை எடுத்துட்டு 'ஏற்காட்டின் தலைசிறந்த ஹோம்ஸ்டே'ன்னு போட்டு அதுமேல லிங்க் வைங்கன்னு. பதில் இல்ல. மறுபடி எழுதினேன். மறுபடியும் எழுதினேன். கடைசியில பார்த்தா லிங்கையே எடுத்துட்டாங்க. படிச்சவங்களுக்கு இருக்கற திமிரு பாத்தீங்களா? அந்தக் குழாயைக் கேட்டுக்கிட்டு கேமராவும் கையுமா நாலஞ்சு பேர் வந்தாங்கதான், இல்லேன்னு சொல்லலை. நான்தான் அதுக்குள்ள பிளம்பரை வச்சு அடைச்சுட்டேனே.

சரி, இவங்களை நம்பி ஆகறது என்ன, நாமளே ஓட்டு சேப்போம்னு எறங்கினேன். எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். கல்யாணப் பத்திரிகை எப்படி அடிக்கிறோம்? தாய்மாமன், சித்தப்பா, பங்காளின்னு அத்தனை பேரையும் போட்டு 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு கீழ நெரிச்சு வைக்கிறோமில்ல? நாம அவங்க பத்திரிகையில, அவங்க நம்ம பத்திரிகையில. அந்த மாதிரி, வெப்சைட் வச்சிருக்கற தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் பண்ணினேன். நீங்க எனக்கு லிங்க் வைங்க, நான் உங்களுக்கு வைக்கறேன். கொண்டான் குடுத்தான் மாதிரி. எல்லாரும் சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்க. சேலத்துல டைல்ஸ் கடை, பல் ஆஸ்பத்திரி, டிரைவிங் ஸ்கூல் நடத்தற எங்க ஒண்ணுவிட்ட கொழுந்தன், கொலுசுப் பட்டறை, போர்வெல் லாரிக்காரர், நாய்க்குட்டி விக்கிறவர். எங்க வெப்சைட்ல கீழ பாத்தீங்கன்னா அத்தனை பேரும் இருப்பாங்க.

தூங்கறதுக்கு ரூம் தேடி வர்றவனுக்கு போர்வெல் லாரி எதுக்குன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? பட்டன் போன் வச்சிருக்கற மனுஷன். பத்திரிகையில போட்டிருக்கற அத்தனை பேருமா கல்யாணத்துக்கு வர்றாங்கன்னு நான் வாயை அடைச்சேன். ஆனா அதுலயும் சண்டை தம்பி. பல் ஆஸ்பத்திரிக்காரர் போன் பண்ணி, நாய்க்குட்டிக்கு அடியில என் பேரு இருக்கேங்கறார். அவரை மேல ஏத்தினா கொழுந்தனுக்குக் கோவம், சொந்தக்காரன் நான் எறங்கி நிக்கணுமான்னு. வாரத்துக்கு ஒருத்தரை மேல தூக்கி ஒருத்தரை எறக்கி, அதுவே ஒரு வேலையாப் போச்சு.

அப்படியும் ரெண்டாம் பக்கத்துலேருந்து நகரலை. அந்த வசுமதி அம்மா மெதுவாத்தான் வரும்னாங்க, மெதுவான்னா எவ்வளவு மெதுவா? எனக்குப் பொறுமை இல்ல, சின்ன வயசுலேருந்தே இல்ல. சோறு கொதிக்கறதுக்குள்ள மூடியைத் தெறந்து பாக்கறவ நான். கிறிஸ்மஸ் நேரத்துல சென்னையிலேருந்து ஒருத்தர் போன் பண்ணினார். திவாகரன்னு பேரு, பேச்சு தேன். "மேடம், நீங்க ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்கறது கையால கிணறு வெட்டற மாதிரி. எங்ககிட்ட பேக்கேஜ் இருக்கு. நூத்துக்கணக்கான வெப்சைட் எங்க கையிலயே இருக்கு. ஒரே வாரத்துல எல்லாத்துலயும் உங்க லிங்க். எல்லாம் ஒரே வார்த்தை மேல, 'ஏற்காடு சிறந்த ஹோம்ஸ்டே'"ன்னார். கேட்டதும் எனக்கு அல்லேலூயா பாடணும்போல இருந்துச்சு. நான் எத்தனை மாசமா அந்த அம்மாகிட்டக் கெஞ்சின வார்த்தை அது! தலையாட்டிட்டு, கேட்ட காசையும் அனுப்பிட்டேன்.

பொங்கல் கழிஞ்சு பார்த்தா மொதப் பக்கம் தம்பி! மொதப் பக்கம்! மேகவாசலுக்கு மேல! நான் போனைத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டைச் சுத்திச் சுத்தி ஓடினேன். கேசரி கிண்டி மேல் வளைவுக்கே போய்க் குடுத்துட்டு வந்தேன். என்ன விசேஷம் புஷ்பம்னாங்க நாத்தனார். சும்மாத்தான் அண்ணின்னேன். சொல்லாம சிரிச்சேன் பாருங்க, அந்தச் சிரிப்புக்கே அந்தக் காசு தகும். நெட்லேருந்து போன் வந்துச்சு, என் பேரைச் சொல்லி வந்துச்சு. குடும்பங்க வந்தாங்க, யாரும் 'அதான்'னு இழுக்கலை. என் வாழ்க்கையிலயே நல்ல நாளுன்னா அந்த நாளுங்கதான், கல்யாண நாளைக்கூட ரெண்டாவதாத்தான் சொல்லுவேன்.

சாம்பல் புதனன்னிக்குக் காலையில பூசைக்குப் போய் நெத்தியில சாம்பல் வாங்கிட்டு வந்து போனைத் தெறந்தேன். மொதப் பக்கத்துல இல்ல. ரெண்டாம் பக்கத்துல இல்ல. மூணு, நாலுன்னு போய்க்கிட்டே இருக்கேன், எங்கயும் இல்ல. வீட்டுப் பேரையே போட்டுத் தேடினேன். 'மிளகுக்கொடி'ன்னா மிளகு விலை வருது, மிளகு ரசம் வைக்கறது எப்படின்னு வருது, என் வீடு வரலை. உயிரோட இருக்கும்போதே பேரை அடிச்சுட்ட மாதிரி தம்பி. அந்தத் திண்டுல உட்கார்ந்து அழுதேன். நெத்திச் சாம்பல் கண்ணுக்குள்ள எறங்கிடுச்சு.

கூகுள்லேருந்து ஒரு தகவல் வந்திருந்துச்சு. உங்க வெப்சைட்டுக்கு வர்ற லிங்க் எல்லாம் இயற்கையா இல்ல, எங்களை ஏமாத்தப் பாக்கற மாதிரி இருக்குன்னு. திவாகரனுக்கு அடிச்சேன், எடுக்கலை. அப்புறம் அந்த நம்பரே இல்லேன்னுடுச்சு. சேலத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கற பெண்ணு ஒருத்தி பாத்துட்டுச் சொன்னா, "அக்கா, உங்களுக்கு லிங்க் குடுத்திருக்கறதுல பாதி சூதாட்டம், மீதி முடி வளர்ற மருந்து. ஒண்ணு ரஷ்யாக்காரன் பாஷை மாதிரி இருக்கு. எல்லாமே ஒரே வார்த்தை, ஒரே வாரம். யாருக்குத்தான் சந்தேகம் வராது? இதுங்களை எடுக்கச் சொல்லி எழுதுங்க. எடுக்காததை, இதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லேன்னு கூகுளுக்கு எழுதிக் குடுங்க. ஆனா நல்லது கெட்டது பார்த்துச் செய்யுங்கக்கா, அவசரப்பட்டு நல்லதையும் சேத்து வெட்டிடாதீங்க"ன்னா.

எனக்கு அப்ப இருந்த வெறியில நல்லதாவது கெட்டதாவது! எல்லாத்தையும் அறுத்து எறிஞ்சாத்தான் நம்புவாங்கன்னு தோணுச்சு. ரஷ்யாக்காரன் எனக்கா பதில் போடுவான்? பதில் போட்டது எல்லாம் நம்ம ஆளுங்கதான். டைல்ஸ் கடைக்காரர்கிட்ட, அண்ணே என் லிங்கை எடுத்துடுங்கன்னா, "என்னம்மா, நாங்க என்ன தப்பு பண்ணினோம்"ங்கறார். பல் ஆஸ்பத்திரிக்காரர் போனை வச்சுட்டார். கொழுந்தன் இருக்கானே, அவன் சம்சாரம் அதைக் குடும்பத்தை விட்டு விலக்கி வச்சதாவே எடுத்துக்கிட்டா. குருத்தோலை ஞாயிறன்னிக்குக் கோயில்ல எம்முகத்தைப் பாக்காம அந்தப் பக்க வரிசைக்குப் போயிட்டா. அவங்க பிள்ளைக்கு முதல் தடவை நற்கருணை குடுக்கற புதுநன்மை விசேஷத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்ல. ஒரு லிங்கை எடுக்கச் சொன்னதுக்குத் தம்பி! பத்திரிகையில பேரைப் போடறது சுலபம், போட்ட பேரை அடிக்க முடியுமா சொல்லுங்க?

இன்னொரு ஆப்பம் வைக்கறேன். வேண்டாம்னா கேக்க மாட்டேன்.

அந்த லிங்கை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணாத் தெறந்து பாக்கும்போதுதான் இதைப் பார்த்தேன். சூதாட்டத்துக்கும் முடி மருந்துக்கும் நடுவுல 'மேகவாசல்'. தெறந்தா, அவங்க பக்கத்துல கீழ ரெண்டு வரி. 'எங்களிடம் இடம் இல்லையென்றால் கவலை வேண்டாம். கீழ் வளைவில் என் தம்பி வீடு, மிளகுக்கொடி'ன்னு எழுதி, பேரு மேல லிங்க். அது போட்டு வருஷக் கணக்கா ஆகுதாம்! எனக்கு எப்படி இருக்கும்? நான் அவ மிச்சம்னு உலகம் பூரா போர்டு எழுதி மாட்டியிருக்கா. எனக்கு ஏன் ரெண்டாம் பக்கம்னு அப்பத்தான் புரிஞ்சுது. 'இல்லையென்றால்'னு ஒருத்தி எழுதி வச்சா கூகுள் என்ன நெனைக்கும்? இவ இல்லாதப்ப வர்றவன்னுதானே நெனைக்கும்?

நின்ன கோலத்துல மேல ஏறிப் போனேன். அண்ணி, என் பேரை எடுங்கன்னேன். அவங்க மொளகாய் காய வச்சுக்கிட்டு இருந்தாங்க. "அது உனக்காகப் போட்டது புஷ்பம். எடுத்தா உனக்குத்தான் கஷ்டம்"னாங்க. பாருங்க, மிரட்டலை! "எடுங்க, உங்க மிச்சம் எனக்கு வேண்டாம். இனிமே ஒரு ஆளைக்கூட என் வாசலுக்கு அனுப்பாதீங்க"ன்னேன். கையைத் தொடைச்சுக்கிட்டு என்னையே பாத்தாங்க. "சரிம்மா"ன்னாங்க. அன்னிக்குச் சாயங்காலமே எடுத்துட்டாங்க. எவ்வளவு சீக்கிரம் பாத்தீங்களா, இதுக்கே காத்துக்கிட்டு இருந்தவ மாதிரி! அதுவரைக்கும், தவக்காலத்து நோன்பு நாள்லகூட வாரத்துக்கு ஒரு குடும்பம் ரெண்டு குடும்பம் மேலேருந்து எறங்கி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு காக்கா வரலை. கூகுளோட கோவம் அவ்வளவு பொல்லாதது தம்பி.

ஈஸ்டர் முடிஞ்சு கூகுளுக்கு மனு எழுதினேன். அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் பெண்ணு சொன்னா, என்ன தப்பு நடந்துச்சு, என்ன சரி பண்ணினேன்னு மட்டும் சுருக்கமா எழுதுங்கக்கான்னு. நான் அப்படியா எழுதுவேன்? கலெக்டருக்கு எழுதற மாதிரியே எழுதினேன். 'மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, நான் மலைமேல் வசிக்கும் ஒரு குடும்பப் பெண். திவாகரன் என்பவரால் ஏமாற்றப்பட்டேன். என் நாத்தனாரின் சூழ்ச்சியும் இதில் உள்ளது. தாங்கள் பெரிய மனது வைத்து'ன்னு ஆரம்பிச்சு, எங்க கஷ்டம் பூரா எழுதினேன். எழுதி முடிச்சதும் எனக்கே அழுகை வந்துடுச்சு. படிக்கறவருக்கு வராமலா போகும்? அனுப்பிட்டுக் காலையில பாப்பேன், மத்தியானம் பாப்பேன். பதில் இல்ல. மே பொறந்துச்சு, பதில் இல்ல. எங்க வீட்டுக்காரர் தினம் ரூமைத் தெறந்து ஜன்னலைத் தெறந்து வச்சுட்டு சாயங்காலம் மூடுவார். போன வாரம்தான் வாயைத் தெறந்தார், "நான் அக்காகிட்டப் பேசிட்டேன் புஷ்பம்"னு.

வெளிய சொல்லிக்க ஆளில்ல தம்பி. சாவியைக் குடுத்துட்டு அதே அடுப்படியில நான் நின்னு, அவ வந்து உப்புப் பாத்து, "வந்தவங்களுக்கு ரெண்டு ஆப்பம் போதும் புஷ்பம்"னு சொன்னா நான் உயிரோட இருப்பேனா? நேத்து மழை வந்து கரண்டும் போயி, ஜெபமாலையைக் கையில எடுத்து, மாதாவே ஒரே ஒரு குடும்பம், என் பேரைத் தேடிக்கிட்டு ஒரே ஒரு குடும்பத்தை அனுப்புன்னு சொல்லி வாயை மூடலை, உங்க கார் வெளிச்சம் ஜன்னல்ல அடிச்சுது. போன் பண்ணாம, வழி கேக்காம, நேரா நம்ம கேட்டுக்கு வந்து நின்னீங்க. மனு பலிச்சுடுச்சு, கூகுள் மன்னிச்சுடுச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

இப்ப சொல்லுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். என்ன வார்த்தை போட்டுத் தேடினீங்க?

என்ன? தேடலையா?

போன்ல சார்ஜ் இல்லேன்னா… சரி, அப்புறம்? மொதல்ல எங்க போனீங்க?

மேலயா. மேகவாசலுக்கா.

ம்.

அங்க இடமில்லேன்னாங்களா. சொல்லுங்க, நிறுத்தாதீங்க, எனக்கு ஒண்ணுமில்ல. குடையைப் பிடிச்சுக்கிட்டு அவங்களே கார் வரைக்கும் வந்தாங்களா? அந்த முழங்கால் வலியோடயா? பாப்பா அழுதுகிட்டு இருந்தா, நீங்க சேலத்துக்கே திரும்பிடலாம்னு… அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க தம்பி, ஒரு வார்த்தை விடாம.

'கீழ் வளைவுல என் தம்பி வீடு இருக்கு. அங்க சொல்லாம போனாலும் சோறு இருக்கும்'னாங்களா.

சொல்லாம போனாலும் சோறு இருக்கும்னு. ரெஜினா. என்னைப் பத்தி.

நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க, அவ வருத்தப்படுவான்னும் சொன்னாங்களா?

ஐயோ, ஆப்பம் கருகுது. இருங்க… போகட்டும், இதை நான் தின்னுக்கறேன். கண்ணு ஒண்ணுமில்ல, புகை. இந்தப் புகைக்கூண்டு சரியில்ல, எத்தனை தடவை சொல்லியாச்சு அந்த மனுஷன்கிட்ட. எனக்கு அவங்களைப் பிடிக்காது தம்பி. இப்பவும் பிடிக்கலை. சோறு இருக்கும்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொன்னாங்க? நீங்க வருவீங்கன்னு நேத்து எனக்கே தெரியாதே. யாருமே வராத வீட்டுல நான் தினம் ரெண்டு பங்கு ஜாஸ்தி வடிச்சு, தினம் அதுல தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன், அது மேல் வளைவுக்கு எப்படித் தெரியும்?

வண்டிச் சத்தம் கேக்குதா? அந்த எறக்கத்துல எஞ்சினை அணைச்சுட்டு வருவார், கேட் பக்கத்துல வந்தப்புறம்தான் பிரேக் சத்தம் வரும். அவர்தான். தம்பி, இங்க பாருங்க, நான் உங்களுக்கு அக்கா வயசு இருப்பேன், உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன். வந்ததும் கேப்பார். நெட்ல பார்த்துத்தான் வந்தேன்னு சொல்லுங்க. ஒரே ஒரு பொய். பாவம் என் தலையில. நீங்க உண்மையைச் சொன்னா அடுத்த வாரம் சாவி மேல போயிடும், அவங்க சிரிக்கக்கூட மாட்டாங்க, 'சரிம்மா'ன்னுதான் வாங்கிப்பாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியாது.

என்ன வார்த்தை போட்டீங்கன்னும் கேப்பார். 'ஏற்காடு, சொல்லாம போனாலும் சோறு இருக்கும் வீடு'ன்னு போட்டேன்னு… இல்ல, வேண்டாம். அப்படி யாரும் தேட மாட்டாங்க. அவருக்கே தெரிஞ்சிடும், அது அவங்க அக்கா பேச்சுன்னு. சும்மா 'ஏற்காடு ஹோம்ஸ்டே'ன்னு போட்டேன்னு சொல்லுங்க.

மொதப் பக்கம்னு சொல்லிடாதீங்க தம்பி, நம்ப மாட்டார். ரெண்டாம் பக்கத்துல இருந்துச்சுன்னு சொல்லுங்க. ரெண்டாம் பக்கம், அடியில.